லெவா-லொ-ஈஅமொஸ்: போர்த்துகீசிய வினை வடிவங்களில் அசையை எங்கே வெட்டுவது, உறுப்பை எங்கே வெட்டுவது?

நங்கூரம் எழுதியது:

போர்த்துகீசிய வினைகளுக்கு ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். ஒவ்வொரு வடிவத்துக்கும் மூன்று கட்டம்: அசைப் பிரிப்பு, உறுப்புப் பிரிப்பு, கூடவே ஒட்டி வரும் பிரதிப்பெயர் (இதைச் சுருக்கமாக ஒட்டுப்பெயர் என்கிறேன்). எளிய வடிவங்களில் சிக்கல் இல்லை. ஒட்டுப்பெயர் நடுவில் புகுந்துவிட்டால் மூன்று கட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

இங்கே நான் பெயர்த்து எழுதுவது எழுத்தைத்தான், உச்சரிப்பை அல்ல. மேலே அழுத்தக்குறி உள்ள உயிரை நெடிலாகவும், குறி இல்லாததைக் குறிலாகவும் எழுதுகிறேன். எல், எச் சேர்ந்த கூட்டெழுத்தை 'ல்ய' என்று எழுதுகிறேன். எஸ், ஸெட் இரண்டுக்கும் 'ஸ்'தான். பதில் எழுதுபவர்களும் இதையே பின்பற்றினால் குழப்பம் இருக்காது.

எடுத்துக்கொண்ட வினை லெவர், அதாவது கொண்டுபோ. மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று: லெவரீஅமொஸ் என்றால் '(அப்படியென்றால்) கொண்டுபோவோம்'. 'அதை' என்ற ஒட்டுப்பெயர் சேர்ந்தால் லெவா-லொ-ஈஅமொஸ். இதை லெ-வா-லொ-ஈஅ-மொஸ் என்று ஐந்து அசையாகப் பிரித்திருக்கிறேன். சரியா? தனி வடிவத்தில் 'ரிஅ' இடைநிலை என்றால், ஒட்டுப்பெயர் வந்ததும் அதன் ரகரம் எங்கே போனது? அந்த ர் யாருக்குச் சொந்தம்?

இரண்டு: லெவாஸ்ஸெமொஸ் (நாம் கொண்டுபோனால்). உறுப்பு லெவ் + அ + ஸ்ஸெ + மொஸ். அப்படியானால் அசையும் லெ-வா-ஸ்ஸெ-மொஸ்தானே?

மூன்று: 'விழு' என்ற கஇர் வினையில் கைஅமொஸ் என்றும் கஈஅமொஸ் என்றும் இரண்டு வடிவங்கள் உள்ளன. இரண்டு சொல்லா, ஒரே சொல்லின் இரண்டு எழுத்து வழக்கா?

---

பகுபதம் பதில்:

முதலில் எண்ணிக்கையைத் திருத்திவிடுங்கள். ஆறு அசை: லெ-வா-லொ-ஈ-அ-மொஸ். அழுத்தம் பெற்ற ஈகாரமும் அடுத்து வரும் அகரமும் ஓர் அசைக்குள் அடங்காது. நிபந்தனை வினையில் (லெவரீஅமொஸ் போல 'அப்படியென்றால்' என்ற பொருள் தருவது) இது எப்போதும் இரண்டு அசைதான். குறி இல்லாத லெவா-லொ-இஅ (அதைக் கொண்டுபோவேன்) கூட லெ-வா-லொ-இ-அ என்று ஐந்து அசை.

இனி உறுப்பு. பிரேசில் மொழியியலாளர் மத்தோஸோ காமரா வகுத்த முறை நம் பகுபத உறுப்பிலக்கணத்தோடு நன்றாகப் பொருந்தும். முதலில் வேர். அடுத்து அந்த வினை எந்தக் கணம் என்று காட்டும் உயிர் (அர் வினைக்கு அ, எர் வினைக்கு எ, இர் வினைக்கு இ). இவை இரண்டும் சேர்ந்தால் அடி. அதன்மேல் காலத்தையும் பாங்கையும் காட்டும் இடைநிலை, கடைசியில் இடத்தையும் எண்ணையும் காட்டும் விகுதி. எனவே லெவாவமொஸ் (கொண்டுபோய்க்கொண்டிருந்தோம்) = லெவ் + அ + வ + மொஸ். லெவரீஅமொஸ் = லெவ் + அ + ரிஅ + மொஸ்.

'பாடினோம்' என்பதை அசையாக்கினால் பா-டி-னோம். உறுப்பாக்கினால் பாடு + இன் + ஓம். 'டி' என்ற அசைக்குள் பகுதியின் வாலும் இடைநிலையின் தலையும் கலந்து கிடக்கின்றன. லெவாவமொஸில் 'வா' என்ற அசையும் அப்படித்தான்: வகரம் வேருக்குச் சொந்தம், உயிர் கணத்துக்குச் சொந்தம். ஒரு கட்டத்தைப் பார்த்து இன்னொன்றை நிரப்பினால் தவறுவது இதனால்தான்.

ரகரத்துக்கு வருகிறேன். இன்று 'ரிஅ' ஒரே இடைநிலையாகத் தெரிகிறது. ஆனால் அது பிறந்தது இரண்டு சொல்லிலிருந்து. இலத்தீனில் இன்ஃபினிடிவுக்கு (லெவர் போன்ற, வினையின் அகராதி வடிவம்) பின்னால் ஹபேரெ (உடைமையாகக் கொள்) என்ற துணைவினை வந்து நின்றது. அதன் நிகழ்காலம் தேய்ந்து எதிர்கால ஈறுகளாயிற்று, கடந்தகாலம் தேய்ந்து நிபந்தனை ஈறுகளாயிற்று. ஆகவே ர் இன்ஃபினிடிவின் சொத்து, 'இஅ' துணைவினையின் சொத்து. பழைய தையல் இருக்கும் இடத்தில்தான் ஒட்டுப்பெயர் புகுகிறது. 'வந்துவிட்டான்' என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறோம், ஆனாலும் 'வந்தேவிட்டான்' என்று ஏகாரம் நடுவில் நுழைகிறதல்லவா? அதே கதைதான். இதற்கு மெஸொக்லிஸி (நடு ஒட்டு) என்று பெயர். எதிர்காலத்துக்கும் நிபந்தனை வினைக்கும் மட்டுமே இது நடக்கும், வேறெந்தக் காலத்துக்கும் இல்லை.

ஒட்டுப்பெயர் 'ல்யெ' (அவனுக்கு, அவளுக்கு) என்றால் ரகரம் அப்படியே நிற்கும்: லெவர்-ல்யெ-ஈஅமொஸ். ஒ, அ, ஒஸ், அஸ் (அவனை, அவளை, அவர்களை, அவற்றை) வந்தால்தான் கெடும். இவற்றின் பழைய வடிவம் லொ, ல, லொஸ், லஸ். முன்னால் இருந்த ர் அந்த லகரத்தோடு ஓரினமாகி, பிறகு மறைந்தது. மறைந்த இடத்தில் லகரம் மட்டும் மிஞ்சியது. ஈற்றில் எஸ், ஸெட் இருந்தாலும் இதே கெடுதல் விகாரம்தான்: ஃபஸ் + ஒ = ஃபா-லொ (அதைச் செய்கிறான்), லெவமொஸ் + ஒ = லெவமொ-லொ. மூக்கொலியில் முடிந்தால் லகரத்துக்குப் பதில் னகரம்: லெவம்-னொ (அதைக் கொண்டுபோகிறார்கள்).

உறுப்புக் கட்டத்தில் இப்படி எழுதுங்கள்: லெவ் + அ + (ர் கெட்டது) + [லொ] + இஅ + மொஸ். ஒட்டுப்பெயரைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள். அது விகுதியும் அல்ல, இடைநிலையும் அல்ல, வெளியாள்.

'வா' ஏன் நெடில் என்றும் குறித்துவையுங்கள். ஹைஃபனுக்கு முன்னால் உள்ள துண்டை எழுத்திலக்கணம் தனிச் சொல்லாகவே பார்க்கிறது. ர் போனபின் 'லெவா' கடைசி அசையில் அழுத்தம் பெற்று உயிரில் முடிகிறது, எனவே குறி வேண்டும். எர் வினையிலும் அப்படியே: கொமெர் (சாப்பிடு), கொமே-லொ-ஈஅமொஸ். இகரத்தில் முடிவதற்குக் குறி தேவையில்லை: ஸெர்விர் (பரிமாறு), ஸெர்வி-லொ-ஈஅமொஸ். ஆனால் அந்த இகரத்துக்கு முன்னால் இன்னோர் உயிர் இருந்தால் குறி திரும்ப வரும்: அத்ரிபுஇர் (உரியதாக்கு), அத்ரிபுஈ-லொ-ஈஅமொஸ், எட்டு அசை. பின்துண்டான 'ஈஅமொஸ்' தன் பங்குக்குத் தனிக் குறி பெறுகிறது. ஒரே வடிவத்தில் இரண்டு குறி இருப்பதைப் பார்த்துப் பிழை என்று யாரும் நீக்கிவிட வேண்டாம்.

---

அச்சுக்கோர்வை பதில்:

இரண்டாம் கேள்விக்கு: இல்லை. எழுத்து அசையில் இரட்டை எஸ் பிரிந்தே ஆக வேண்டும்: லெ-வாஸ்-ஸெ-மொஸ். உறுப்பு வெட்டு 'ஸ்ஸெ'வுக்கு முன்னால் விழுகிறது, அசை வெட்டு அதன் வயிற்றிலேயே விழுகிறது. காதுக்கு ஒரே ஒரு ஸ்தான் கேட்கும், ஆனால் வரி மடக்கும்போது காதைக் கேட்கக் கூடாது. இரட்டை ஆரும் அப்படித்தான்: கொர்ரெர் (ஓடு), கொர்-ரேஸ்-ஸெ-மொஸ்.

நேர்மாறாக, எல்-எச் கூட்டெழுத்து பிரியவே பிரியாது. தமிழில் 'ல்ய' என்று எழுதியதும் நம் கண் ல்-ய என்று வெட்டப் பார்க்கும். த்ரபல்யர் (வேலை செய்) என்பதன் வடிவம் த்ர-ப-ல்யாஸ்-ஸெ-மொஸ். ப-ல்யா என்றுதான், பல்-யா என்று ஒருபோதும் இல்லை. தமிழ் வழியாகப் படிப்பவர்களிடம் இன்னொரு வழுக்கலும் உண்டு. ப்ர, த்ர போன்ற கூட்டுகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, அதனால் அப்ரிர் (திற) என்பதைப் பார்த்ததும் அப்-ரிர் என்று வெட்டிவிடுகிறோம். சரியானது அ-ப்ரிர். கொம்ப்ரர் (வாங்கு) கொம்-ப்ரர். அதன் நடு ஒட்டு வடிவம் கொம்-ப்ரா-லொ-ஈ-அ-மொஸ்.

இப்போது வரி மடக்கு. ஹைஃபன் உள்ள வடிவங்களில் மிகுதியான தவறு இங்கேதான். 1990இல் லிஸ்பனில் கையெழுத்தான எழுத்திலக்கண உடன்பாட்டின் 20ஆம் பகுதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: வரி முடியும் இடமும் சொல்லின் ஹைஃபனும் ஒரே இடத்தில் விழுந்தால், அடுத்த வரியின் தொடக்கத்தில் ஹைஃபனை மறுபடியும் போட வேண்டும். சாய்கோட்டை வரி முடிவாகக் கொண்டால் லெவா-/-லொ-ஈஅமொஸ் அல்லது லெவா-லொ-/-ஈஅமொஸ். இரண்டும் செல்லும்.

இது வெறும் அலங்காரம் இல்லை. லெவஸ்ஸெ (அவன் கொண்டுபோனால்) வரி முடிவில் உடைந்தால் லெவஸ்-/ஸெ. லெவ-ஸெ (கொண்டுபோகப்படுகிறது) உடைந்தால் லெவ-/-ஸெ. இரண்டாவது ஹைஃபன்தான் 'இந்தக் கோடு சொல்லுக்கே உரியது, நான் போட்டதல்ல' என்று வாசகருக்குச் சொல்கிறது.

கணினியில் செய்யும்போது கவனம். சாதாரண ஹைஃபன் தானாக இரண்டாம் முறை வராது. கையால் இன்னொன்று தட்டிவைத்தால், பிறகு பக்க அகலம் மாறியதும் வரியின் நடுவே இரட்டைக் கோடாக நிற்கும். ஆகவே பத்தி முழுதும் முடிந்து, அளவு உறுதியான பிறகு கடைசிப் படியாக மட்டும் இதைச் செய்யுங்கள். லாடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு, பல மொழிகளுக்கான பேபல் தொகுப்பில் அடுத்த வரியிலும் திரும்ப வரும் ஹைஃபனுக்கென்றே கட்டளை இருக்கிறது.

ஈ-/அமொஸ் என்று உடைத்து ஓர் உயிரைத் தொங்கவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். விதிப்படி அசைதான், ஆனால் படிக்கக் கண்ணுக்கு இடறும்.

---

கரைவலை பதில்:

மூன்றாம் கேள்விதான் எனக்குப் பிடித்தது. இரண்டும் வேறு வேறு சொல். கைஅமொஸ் மூன்று அசை, கை-அ-மொஸ்: 'நாம் விழ வேண்டும் என்று' என்பது போன்ற இடத்தில் வரும் நிகழ்கால சப்ஜங்டிவ். கஈஅமொஸ் நான்கு அசை, க-ஈ-அ-மொஸ்: 'விழுந்துகொண்டிருந்தோம்'. வித்தியாசம் இகரத்தின் மேல் நிற்கும் ஒரே ஒரு குறி. அந்தக் குறி 'இந்த இகரம் முன் உயிரோடு சேராது, தனி அசை' என்று அறிவிக்கிறது. தமிழ் எழுத்தில் ஐகாரம் தனி எழுத்தாக இருப்பதால் நமக்கு இது கண்முன்னே தெரிகிறது: கை என்றால் 'விழுகிறான்', ஓர் அசை, கஈ என்றால் 'விழுந்தேன்', இரண்டு அசை.

உறுப்பைப் பாருங்கள். கஈஅமொஸ் = க + இ + அ + மொஸ்: வேர், கண உயிர், இடைநிலை, விகுதி. நான்கு உறுப்பு, நான்கு அசை, ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்காருகிறது. கைஅமொஸ் = கை + அ + மொஸ். இங்கே இகரம் கண உயிர் அல்ல. 'கைஒ' (விழுகிறேன்) என்பதிலும் வரும் வேரின் மாற்று வடிவம் 'கை'. அதற்குள் அடங்கியது அந்த இகரம். கண உயிர் சப்ஜங்டிவ் உயிருக்கு முன் மறைந்துவிட்டது. இரண்டு சொல்லிலும் ஒரே இடத்தில் ஓர் இகரம், ஆனால் வெவ்வேறு உறுப்பு. அட்டவணையில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்தால் பார்ப்பவருக்கு உடனே பிடிபடும்.

குறி எப்போது வரும் என்பதற்கு நடைமுறை விதி: முன் உயிரோடு சேராத, அழுத்தம் பெற்ற இ, உ தன் அசையில் தனியாகவோ எஸ்ஸோடு மட்டுமோ நின்றால் குறி போடு. அதே அசையில் எல், எம், என், ஆர், ஸெட் பின்னால் இருந்தால் போடாதே. ஸஇர் (வெளியேறு) வினையில் ஸ-ஈ-ர (முன்பே வெளியேறியிருந்தான்) குறி பெறும், ஏனெனில் ரகரம் அடுத்த அசைக்குப் போய்விட்டது. ஸ-இர்-மொஸ் (நாம் வெளியேற) பெறாது, ரகரம் அதே அசையில் இருக்கிறது. ஸ-ஈஸ்-ஸெ-மொஸ் பெறும். ஆகவே குறி போடுவதற்கு முன் அசையைப் பிரித்தாக வேண்டும். வரிசையை மாற்றினால் ஸஇர்மொஸுக்கும் குறி போட்டுவிடுவோம்.

பஸ்ஸெஅர் (உலாவு) போன்ற வினைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வேரில் விழும்போது மட்டும் ஓர் இகரம் புகும்: பஸ்-ஸெய்-ஒ (உலாவுகிறேன்), ஆனால் பஸ்-ஸெ-அ-மொஸ் (உலாவுகிறோம்). பஸ்ஸெய்அமொஸ் என்று எழுதினால் பிழை.

---

நங்கூரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. க + இ + அ + மொஸ் வரியை அட்டவணையின் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். இரண்டு துணைக்கேள்வி. லெவஸ்ஸெ, லெவ-ஸெ இரண்டையும் எழுதும்போது குழப்பிக்கொள்ளாமல் இருக்க உறுதியான சோதனை உண்டா? லெவர்மொஸ் என்பதைச் சிலர் லெவர்-மொஸ் என்று ஹைஃபனோடு எழுதுகிறார்களே, அதுவும் செல்லுமா?

---

பகுபதம் பதில்:

இரண்டுக்கும் ஒரே சோதனை: எதிர்மறையாக்கிப் பாருங்கள். போர்த்துகீசியத்தில் எதிர்மறைச் சொல் வந்தால் ஒட்டுப்பெயர் வினைக்கு முன்னால் ஓடிவிடும். உறுப்பு ஓடாது, அது சொல்லின் உடம்பு. லெவ-ஸெ எதிர்மறையில் 'இல்லை + ஸெ + லெவ' என்ற வரிசையாகும். ஓடியதால் அது ஒட்டுப்பெயர், ஹைஃபன் வேண்டும். லெவஸ்ஸெ எதிர்மறையிலும் லெவஸ்ஸெதான். ஓடவில்லை, எனவே இடைநிலை, இரட்டை எஸ், ஹைஃபன் இல்லை. அழுத்தமும் கைகொடுக்கும்: லெவஸ்ஸெவில் 'வஸ்' மேல், லெவ-ஸெவில் 'லெ' மேல்.

லெவர்மொஸில் 'மொஸ்' விகுதி. 'நாம் கொண்டுபோக' என்ற பொருளில் ஹைஃபன் போட்டால் பிழை, அதுவும் மிகப் பரவலான பிழை. ஆனால் லெவர்-மொஸ் என்று வேறொரு வடிவம் உண்மையிலேயே உண்டு: இன்ஃபினிடிவோடு 'எனக்கு' (மெ), 'அவற்றை' (ஒஸ்) இரண்டும் கலந்த 'மொஸ்'. பொருள் 'அவற்றை எனக்குக் கொண்டுவந்து சேர்க்க'. எதிர்மறையில் அந்த மொஸ் முன்னால் ஓடும். விகுதி மொஸ் ஓடாது.

இப்படிக் கலக்கும் ஒட்டுப்பெயர்களுக்குத் தனி வரிசை வையுங்கள். மெ + ஒ = மொ, தெ + ஒ = தொ, ல்யெ + ஒ = ல்யொ. நொஸ் + ஒ மட்டும் நொ-லொ, வொஸ் + ஒ மட்டும் வொ-லொ, முன் சொன்ன அதே எஸ் கெடுதல். ஆகவே '(அப்படியென்றால்) அதை நமக்குக் கொண்டுவருவார்கள்' என்பது லெவர்-நொ-லொ-இஅம். லெ-வர்-நொ-லொ-இ-அம், ஆறு அசை. இங்கே ரகரம் ஏன் கெடவில்லை என்று கேட்பார்கள். அதன் பக்கத்தில் நிற்பது நொ, லொ அல்ல. கெடுதல் பக்கத்தில் நிற்பவரைத்தான் பார்க்கும்.

லெவ-லொ, லெவா-லொ இரண்டையும் கூடச் சேருங்கள். முதலாவது 'நீ அதைக் கொண்டுபோகிறாய்', லெவஸ் என்பதன் எஸ் கெட்டது, அழுத்தம் 'லெ' மேல். இரண்டாவது 'அதைக் கொண்டுபோக', லெவர் என்பதன் ர் கெட்டது, அழுத்தம் 'வா' மேல். குறியைத் தவறவிட்டால் வேறு வாக்கியமாகிவிடும்.

எஸ் எப்போதும் கெடும் என்றும் நினைக்க வேண்டாம். லெவமொஸ் + நொஸ் = லெவமொ-நொஸ், கெடும். லெவமொஸ் + ல்யெ = லெவமொஸ்-ல்யெ, கெடாது.

---

கரைவலை பதில்:

ஒரு சேர்க்கை. டாவமொஸ்-ல்யொ (அதை அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்): டா-வ-மொஸ்-ல்யொ. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசையில். தனிச் சொல்லில் அழுத்தம் கடைசி மூன்று அசைக்குள்ளேயே இருக்கும் என்ற விதியை இது மீறுவதாகத் தோன்றும். மீறவில்லை. ஒட்டுப்பெயரை எடுத்துவிட்டால் டா-வ-மொஸ், மூன்றாவது. குறி போடும்போதும் ஒட்டுப்பெயரை எடுத்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

அட்டவணைக்கு நான்காவது கட்டம் ஒன்று போடுங்கள்: இந்த வடிவம் எங்கே வரும், எங்கே வராது. எதிர்மறைச் சொல்லோ 'கெ' என்ற இணைப்புச் சொல்லோ முன்னால் வந்தால் மெஸொக்லிஸி நடக்காது, ஒட்டுப்பெயர் முன்னால் போய் 'ஒ லெவரீஅமொஸ்' ஆகும். லெவாஸ்ஸெமொஸ் பெரும்பாலும் இப்படியொரு சொல்லுக்குப் பின்னால்தான் வரும், அதனால் லெவாஸ்ஸெமொ-லொ பயிற்சித்தாளில் இருக்கும் அளவுக்கு வாக்கியத்தில் இருக்காது. பிரேசில் பேச்சில் நடு ஒட்டு வழக்கொழிந்தது, போர்ச்சுகலிலும் எழுத்திலும் முறையான பேச்சிலும்தான் நிற்கிறது. அதற்காக லெவரீஅமொஸ்-ஒ என்று கடைசியில் ஒட்டிவிடக் கூடாது. எதிர்காலத்துக்கும் நிபந்தனை வினைக்கும் பின்னால் ஒட்டுவதை இரு நாட்டு எழுத்து வழக்கும் பிழையாகவே கொள்ளும்.

---

அச்சுக்கோர்வை பதில்:

அசைக் கட்டத்தின் தலைப்பில் 'எழுத்து அசை' என்றே போடுங்கள். லிஸ்பன் பேச்சில் அழுத்தம் இல்லாத எகரம் தேய்ந்து மறைவதால், நான்கு அசை எழுதிய லெவாஸ்ஸெமொஸ் காதில் இரண்டு மூன்றாகவே விழும். ஒலிப்பதிவைக் கேட்டுக் கட்டத்தைத் திருத்தப் பார்ப்பவர்கள் வருவார்கள்.

இன்னொன்று: 'கொண்டுபோனோம்' என்பது போர்ச்சுகலில் லெவாமொஸ், நிகழ்காலம் லெவமொஸ். பிரேசிலில் இரண்டும் லெவமொஸ். 1990 உடன்பாடு அந்தக் குறியை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எந்த வழக்கு என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு அட்டவணை முழுதும் அதையே பிடியுங்கள். ஒட்டுப்பெயர் சேரும்போதும் லெவாமொ-லொ, லெவமொ-லொ என்று அந்த வேறுபாடு கூடவே வரும்.